நாற்காலி வகுப்பு

அம்மா கார் சாவியைக் கேட்டபோது மகள் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சாவி எதுக்கும்மா?”

“வண்டி எடுக்கத்தான். சாவிய வச்சு வேற என்ன பண்ணுவாங்க?”

மூன்றாவது பொத்தான் துளைக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. வகுப்பு எடுக்கும்போது மட்டும் போடுகிற நீலச் சட்டை அது. டிரைவிங் ஸ்கூலை மூடிய இந்த எட்டு மாதத்தில் அப்பாவுக்குத் தொப்பை போட்டுவிட்டதை மகள் இப்போதுதான் கவனித்தாள். கொஞ்சம் மூச்சை உள்ளே இழுங்கப்பா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் மாரடைப்பு. தொற்றா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார்கள். இல்லை என்று வந்ததால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் இறக்கிவிட்டுப் போனார்கள். முகம் பார்க்கலாம், சட்டை மாற்றலாம். அந்த வருஷம் இதற்கே கொடுத்துவைத்திருக்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது. வண்டியில் உடலோடு குடும்பத்தார் ஏறக் கூடாது, சொந்த வாகனத்தில் பின்னால் வரலாம். பதினொன்றரைக்குத் தகனக் கூடத்தில் இருந்தாக வேண்டும், பிந்தினால் அடுத்தவரை உள்ளே விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் ஒரு பெண் தொலைபேசியில் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, “வருந்துகிறோம்” என்றும் சொல்லி வைத்தாள்.

“வண்டிய நான் எடுக்கறேன். நீ பக்கத்துல உக்காந்து வா” என்றாள் மகள்.

“நான்தான் ஓட்டப் போறேன் பாப்பா.”

மகள் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அம்மா குளித்து, தலையைத் துவட்டி, தட்டையான செருப்பு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். வழுக்காத செருப்பு. வகுப்புக்கு வரும் பெண்களிடம் அப்பா முதல் நாளே சொல்லி அனுப்புகிற மாதிரிச் செருப்பு.

“அம்மா, நீ இதுவரைக்கும் ஒரு தெருகூட ஓட்டினது இல்ல.”

“தெரியும்.”

“நாற்காலியிலதாம்மா ஓட்டியிருக்க.”

“அதுவும் தெரியும். எனக்கு மறதி இன்னும் வரல.” அம்மா கையை நீட்டியபடியே நின்றாள். “இன்னைக்கு என்ன கிழமை?”

“ஞாயிறு.”

“ஞாயித்துக்கிழமை காலைல கொஞ்ச நேரம் வெளிய விடறாங்க, மைதானம் காலியா இருக்கும், எட்டு மணிக்கு உன்னக் கூட்டிட்டுப் போயி நெஜ வண்டியில உக்கார வைக்கறேன்னு சொல்லியிருந்தாரு. முப்பது வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்தாரு, நான் மாட்டேன்னே சொன்னேன். இந்த ஒரு தடவைதான் சரின்னேன்.” அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “சரின்னு சொன்னப்போ உங்கப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு. நான் ஓட்டறேன். அவரு முன்னால போகட்டும்.”

இதற்கு மேல் அம்மாவோடு வாதாடிப் பயனில்லை என்பது மகளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். பிடித்தால் பிடித்த பிடி. ஆனால் பதினொன்றரை மணி யாருக்காகவும் காத்திராது. வழியில் வண்டி எங்காவது முட்டி நின்றுவிட்டால் அம்மா அப்பாவைக் கடைசியாகப் பார்க்காமலே போய்விடுவாள். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மகள் சாவியைத் தன் பைக்குள் போட்டு வைத்துக்கொண்டு, “பாக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

ஹாலின் சுவரோரம் இரண்டு நாற்காலிகள் வெள்ளிக்கிழமை இருந்தபடியே இருந்தன. முன்னால் தரையில் வரிசையாக மூன்று பழைய செருப்புகள்: கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர். பூச்சாடியில் தலைகீழாகச் செருகிய குடைதான் கியர். பெரிய பாத்திரத்தின் மூடி ஸ்டியரிங். அந்த மூடியை அம்மா சமையலுக்குத் தேடும்போதெல்லாம், “வண்டி ஓடிக்கிட்டிருக்குடி, நடுரோட்டுல ஸ்டியரிங்கப் புடுங்காதே” என்பார் அப்பா.

ஊர் மூடிய முதல் மாதம் அப்பா சும்மா இருந்து பார்த்தார். சும்மா இருப்பது அவருக்குக் கைவராத தொழில். காரில் இரண்டு பேர் ஒட்டி உட்காரக் கூடாது என்றால் டிரைவிங் ஸ்கூல் எப்படி நடக்கும்? வாசலில் நின்ற காரைத் தினமும் துடைத்தார். பேட்டரி செத்துவிடும் என்று நாளுக்குப் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே உறும விட்டார். தெருமுனைத் தையல் கடை, பக்கத்திலிருந்த ஜெராக்ஸ் கடை, எதிரேயிருந்த உடற்பயிற்சிக் கூடம் என்று ஒவ்வொன்றின் ஷட்டரிலும் ‘வாடகைக்கு’ என்று காகிதம் ஒட்ட ஒட்ட, அப்பா காரைத் துடைக்கும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. மகள் வேலை பார்த்த சுற்றுலா நிறுவனமும் அந்த மாதம்தான் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது. சுற்றுலாவே இல்லாத உலகத்தில் அவள் யாருக்கு டிக்கெட் போடுவது? பெட்டியைக் கட்டிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்போதுதான் கேக் அக்கா ஃபோன் செய்தாள். கணவன் வேலை பார்த்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். வீட்டு அடுப்பில் கேக் செய்து விற்க ஆரம்பித்திருந்தாள், கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை, கார் வாசலில் தூசி படிந்து கிடக்கிறது. “மாஸ்டர், ஃபோன்லயே சொல்லித்தர முடியுமா?” என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். அப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே மூன்று செருப்பும் குடையும் ஹாலுக்கு வந்துவிட்டன. ஒரு வாரத்தில் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஃபோனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து பாடம் நடத்தினார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, பத்தாம் நாள் கேக் அக்கா பொறுமை இழந்து நிஜக் காரில் ஏறும் வரைக்கும். ஏறியவள் கிளட்ச் என்று நினைத்து வலது காலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். வாசலிலிருந்த பூந்தொட்டி மூன்றும் போயின, நல்ல வேளையாக மதில் தாங்கியது. வலது காலால் ஏன் மிதித்தாய் என்று கேட்டால், நீங்கள் அப்படித்தானே மிதித்தீர்கள் மாஸ்டர் என்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் இடது கால் பார்க்கிறவர்களுக்கு வலது பக்கம்தானே தெரியும்? அதைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார்கள். நான்கு பேருக்கும் இத்தனை நாளாகக் காலை மாற்றிப் போட்டே கற்றுக்கொடுத்திருக்கிறார்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் பாதி ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஃபோனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்போது அவருடைய இடது பார்க்கிறவர்களுக்கும் இடது. ஒரே ஒரு சிக்கல். புத்தக அடுக்கில் வைத்தால் கால் தெரியவில்லை, தரையில் வைத்தால் கை தெரியவில்லை. யாராவது பின்னால் நின்று ஃபோனை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டியிருந்தது. மகளைக் கேட்டார். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதனால் அம்மா பிடித்தாள்.

ஆறு மாதம், தினமும் முக்கால் மணி நேரம். வகுப்பு முடிந்ததும் அப்பா பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டு, அம்மாவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டச் சொல்வார்.

போன வியாழக்கிழமைகூட மகள் கதவைத் திறந்து, “நாற்காலியில கார் ஓட்டற ஒரே ஆளு இந்த உலகத்துலயே நீங்கதாம்ப்பா” என்று சொன்னாள். அறைக்குள் ஒரு நேர்காணல் நடந்துகொண்டிருந்தது, ஹாலிலிருந்து ‘செகண்ட் கியர், செகண்ட் கியர்’ என்ற கத்தல் அதற்குள் புகுந்துவிட்டது. எரிச்சலோடுதான் சொன்னாள். அப்பா என்னமோ பட்டம் கொடுத்துவிட்டதைப் போலச் சிரித்தார்.

பத்தே கால் மணிக்குக் கேக் அக்கா வந்தாள். தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் சிவந்திருந்தன. அப்பாவின் காலடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பத்து நாள்தாம்மா முகத்தக் காட்டினாரு. மத்தபடி ஆறு மாசமும் பின்தலைதான்” என்றாள். “இப்படி மல்லாக்கப் படுத்திருந்தா யாரோ மாதிரி இருக்கு. திருப்பிப் போட்டீங்கன்னா சட்டுனு அடையாளம் சொல்லிடுவேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்தினாள். அம்மா சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்த வாயோடே சமையலறைக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை. குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நீங்க அன்னைக்கு வீட்ல இல்லையாமே?” என்று கேக் அக்கா மகளிடம் மெல்லக் கேட்டாள்.

“மருந்துக் கடை வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருந்தது. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

கேக் அக்கா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“மெயின் ரோடு பாடம் எடுத்துக்கிட்டிருந்தாரு. சிக்னல் வருது, ஸ்லோ பண்ணுங்கன்னாரு. சிகப்பு விழுந்திருச்சு, நில்லுங்கன்னாரு. நாலு பேரும் நின்னோம். மாஸ்டரோட சிகப்பு எப்பவுமே ரொம்ப நேரம் இருக்கும், உங்களுக்குத் தெரியாதா? சிகப்புல பொறுமையா நிக்கத் தெரியாதவனுக்கு லைசென்ஸ் எதுக்குன்னு திட்டுவாரே. அதனால நாங்களும் பிரேக்லயே கால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். மூணு நிமிஷம் இருக்கும், நாலுகூட இருக்கும். பச்சைன்னு சொல்லவே இல்ல.” அவள் சுவரோர நாற்காலியைப் பார்த்தாள். “எங்களுக்கு முதுகுதானே தெரியுது. நேரா உக்காந்திருந்தாரு. அம்மாவும் பின்னால நின்னு ஃபோனப் புடிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. அப்புறம் அந்த மூடி கையிலிருந்து நழுவிக் கீழ விழுந்துச்சு.”

குழாய்ச் சத்தம் நின்றது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மகள் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“கிளட்ச் எந்தக் காலும்மா?” என்று மட்டும் கேட்டாள்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “முன்னால உக்காந்து பாத்தவங்கதான் மாத்திக் கத்துக்கிட்டாங்க. நான் அவரு பின்னால நின்னு பாத்தவ.”

வேன் டிரைவர் நாற்பது வயதுக்காரர். உதவிக்கு வந்தவரோடு சேர்ந்து அப்பாவைப் பதவிசாகத் தூக்கி ஏற்றினார். கதவைச் சாத்திவிட்டு, “நானும் மாஸ்டர்கிட்டக் கத்துக்கிட்டவன்தாம்மா” என்றார். “பின்னாடி அவர வச்சுக்கிட்டு நாப்பதுக்கு மேல போவேனா? காது கிழிஞ்சுடும். நீங்க நிதானமா வாங்க.” பிறகுதான் ஓட்டுநர் இருக்கையில் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தார். காரின் மேலிருந்த ‘எல்’ பலகையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நேராகப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

மகள் பக்கத்து இருக்கையில் ஏறினாள். அப்பாவின் இருக்கை அது. சின்ன வயதில் அதில் உட்கார அவளுக்கு அனுமதி கிடையாது, அங்கேயும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு என்பதால். அந்த பிரேக்கின் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. பாதி ஊர் முட்டாமல் மோதாமல் தப்பித்தது அந்தத் தேய்மானத்தால்தான். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

அம்மா இருக்கையை முன்னால் தள்ளினாள். பெல்ட் போட்டாள். மூன்று கண்ணாடியையும் சரி பார்த்தாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது வாய்க்குள் முணுமுணுத்தாள். அப்பா சொல்லிக்கொடுக்கும் வரிசை, ஒன்றுகூட மாறவில்லை.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அண்ணன். விமானங்கள் நின்றுபோனதால் கடல் தாண்டிய ஊரில் மாட்டிக்கொண்டவன், இரண்டு நாளாகத் தூங்காத முகத்தோடு திரையில் தெரிந்தான்.

“கிளம்பிட்டீங்களா? அது யாரு ஓட்டற சீட்ல... அம்மாவா? பாப்பா, உனக்கு அறிவு இருக்கா? அம்மாவுக்கு என்ன ஓட்டத்...”

“கிளாஸ் நேரத்துல ஃபோன் பேசக் கூடாது” என்றாள் அம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்பாவப் பாக்கணும்னா முன்னாடி வச்சு விடு, பாக்கட்டும். வாயத் திறந்தான்னா கட் பண்ணிடு.”

மகள் ஃபோனை முன் கண்ணாடியோரம் வேனைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

முதல் தடவை வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுபோயிற்று. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை துள்ளல்கூட இல்லை, சும்மா அடங்கிவிட்டது. மணி பதினொன்று பத்து. முன்னால் வேன் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அவசரமே இல்லம்மா, எனக்கு ஒம்பது தடவ நின்னுச்சு” என்று கத்தினார். பிந்தினால் அடுத்தவர் போய்விடுவார் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

“நாற்காலி இப்படி உதறல” என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நெற்றி வியர்த்திருந்தது. “விடாதே... விடாதே... பாதி வரைக்கும் வா... நில்லு அங்கயே...” அவள் தன் இடது காலோடு பேசிக்கொண்டிருந்தாள். வண்டி மெல்ல நகர்ந்தது.

தெருமுனை திரும்பும்போது ஒரு பூனை குறுக்கே வர, மகள் தன் பக்கத்து பிரேக்கை அழுத்திவிட்டாள். வண்டி குலுங்கி நின்றது.

“யாரு போட்டது பிரேக்கு? நீயா நானா?”

“நான்தாம்மா. பூனை...”

“பூனைய நானும்தான் பாத்தேன். கால எடு.”

“அம்மா, அது ஒரு பாதுகாப்புக்கு...”

“உங்கப்பாவுக்கு எப்பப் போடணும்னு தெரியும். உனக்குத் தெரியாது. எடு.”

மகள் காலை எடுத்தாள். எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஒன்றிரண்டு மருந்துக் கடைகளும் ஒரு பால் கடையும் மட்டும் திறந்திருந்தன. மற்ற ஷட்டரெல்லாம் இறங்கிக் கிடந்தன. திரையரங்கின் வாசலில் எட்டு மாதத்துக்கு முந்தைய படத்தின் சுவரொட்டி வெயிலில் வெளுத்துத் தொங்கியது. வேன் முப்பதில் போயிற்று. அம்மா பின்னாலேயே முப்பதில் போனாள். நாற்சந்தியில் சிகப்பு விழுந்திருந்தது, காவலர் வேனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இரண்டு வண்டிக்கும் சேர்த்துக் கையைக் காட்டி வழிவிட்டார். ‘எல்’ பலகைக்குப் பின்னால் வந்த ஒரு லாரி ஹாரன் அடிக்கவே இல்லை. ஓட்டப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ரோடு கிடைக்காது என்று அப்பா சொல்லியிருப்பார்.

பாலம் இறங்கியதும் மகள் அதைப் பார்த்தாள். இடது ஓரமாக வரிசையாகக் கார்கள் நின்றுகொண்டிருந்தன. பத்துப் பேருக்கு மேல் வரக் கூடாது என்று சொன்னதால் தகனக் கூடத்துக்கு வராமல் வழியிலேயே நின்றுவிட்டவர்கள். யாரும் வண்டியை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தார்கள். ஒரு டாக்ஸி, பள்ளி வேன் ஒன்று, கூரியர் வண்டி, அடுமனை வண்டி, பாதி நாளாவது வேலை கிடைக்குமா என்று தினமும் ஸ்டாண்டில் காத்துக் கிடக்கிறவர்களின் வண்டிகள். அப்பாவிடம் கற்று, ஓட்டியே பிழைத்தவர்கள். இந்த எட்டு மாதத்தில் ஓட்ட எதுவும் இல்லாமல் போனவர்களும் அவர்கள்தான். எல்லா வண்டியும் நடைபாதையிலிருந்து ஒரே அளவு தள்ளி நின்றது.

மகளுக்கு அந்த அளவு என்ன என்று தெரியும். ஒரு சாண். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு அப்பா இறங்கி, பின்சக்கரத்துக்கும் நடைபாதை ஓரத்துக்கும் நடுவே குனிந்து கையை விரித்து வைத்துப் பார்ப்பார். தன் சாண் அளவு இருந்தால் பாஸ். இல்லையென்றால் மறுபடி. கடைசியாக நின்ற வண்டி மட்டும் கோணலாக ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறி நின்றது. அது கேக் அக்காவுடையது. குறுக்கு வழியில் முந்திக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாள்.

“பாவி, ஏத்திட்டா பாரு” என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பதினொன்று இருபத்தேழுக்கு வாசலை எட்டினார்கள். வேன் உள்ளே போனது. அம்மா ஓரம் கட்டினாள், ஒரு தடவை பின்னால் எடுத்து மறுபடி நேராக்கினாள். ஹேண்ட் பிரேக் போட்டாள், கியரை நியூட்ரலில் வைத்தாள், சாவியைத் திருப்பினாள். மகள் இறங்கி வாசலைப் பார்த்து ஓடப் போனாள். அம்மா வரவில்லை. இறங்கி, காரின் பின்பக்கம் வந்து, சக்கரத்தைப் பார்த்தபடி நின்றாள். கையில் வெப்பமானியோடு காவலாளி, “சீக்கிரம் வாங்கம்மா, நேரமாச்சு” என்று கூப்பிட்டார்.

அம்மா யாரோ இறங்கி வருவார் என்று காத்திருப்பதைப் போல நின்றாள்.

மகள் திரும்பி வந்தாள். குனிந்து சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே கையை விரித்து வைத்தாள். அவளுடைய கை சின்னது, இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது.

“எவ்வளவு?”

“ஒரு சாண்மா.”

“உன் சாணா, அவரு சாணா?”

“அப்பா சாண்.”

அம்மா தலையை ஆட்டினாள். வண்டியைப் பூட்டினாள், பூட்டிவிட்டதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள், பிறகு உள்ளே நடந்தாள்.

உள்ளே எல்லாம் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அண்ணன் திரையில் அழுதான். வேன் டிரைவர் சுவரோரம் கைகட்டி நின்றார். கதவு மூடப்போகும் நேரத்தில் அம்மா அப்பாவின் நீலச் சட்டையின் அந்த மூன்றாவது பொத்தானைப் போட்டுவிட்டாள். மகளால் முடியாதது அவளுக்கு ஒரே தடவையில் போயிற்று. “தூங்குங்க” என்றாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் தினமும் சொல்கிற குரலில். மகள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

திரும்பும்போது முன்னால் வேன் இல்லை. பாலத்து இறக்கத்தில் நின்ற கார்களும் போய்விட்டிருந்தன. நீ ஓட்டுகிறாயா என்று அம்மா கேட்கவில்லை, நான் ஓட்டுகிறேன் என்று மகளும் சொல்லவில்லை. இந்த முறை ஒரே ஒரு துள்ளல்தான். மகள் கால் இரண்டையும் இருக்கைக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டாள்.

நாற்சந்தியில் சிகப்பு விழுந்தது. வெயிலுக்கு ஒதுங்கிப் போயிருந்த காவலரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. நான்கு பக்கமும் ஒரு வண்டி இல்லை. அம்மா வெள்ளைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அலுங்காமல் நிறுத்தினாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கால் பிரேக்கில், முதுகு நேராக.

விளக்கு பச்சையானது.

அம்மா நகரவில்லை. கண் விளக்கின் மேல்தான் இருந்தது. மகள் அவளைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முன்னால் பார்த்தாள். பச்சை போய் மஞ்சள் வந்தது, மறுபடி சிகப்பு. பின்னால் யாரும் இல்லை. சந்திக்கு அப்பால் ஒரு செய்தித்தாள் ரோட்டை மெதுவாகக் குறுக்கே கடந்தது.

மறுபடி பச்சை விழுந்தது.

“பச்சைம்மா” என்றாள் மகள்.

அம்மா மூச்சை விட்டாள். இடது காலைப் பாதி வரைக்கும் எடுத்து, ஒரு நொடி நிறுத்தி, மீதியையும் எடுத்தாள்.